கோளாறு காணப்படவில்லை

வண்டி நின்றுபோனபோது அக்கா கத்தவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்திருந்த தபால்காரர் அதைத்தான் அப்புறம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் கத்தினேன். நாப்பது வருஷம் எத்தனை நாய்க்குத் தப்பி வீடு வீடா ஏறி எறங்கினவன், பச்சப்புள்ள மாதிரி கத்தினேன். அந்தப் பொண்ணு வாயே தொறக்கல."

மேம்பாலத்தின் இறக்கம். ஊற்றுகிற மழை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் முடித்து வருகிற தபால்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அக்காவின் வேலை. அவரைப்போல இன்னும் எட்டுப் பேர். டாக்ஸி ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் இந்தச் சவாரியைத் தொடமாட்டார்கள். நோயாளிகள் மெதுவாக ஏறுவார்கள், அதைவிட மெதுவாக இறங்குவார்கள். சில நாள் சீட்டிலேயே வாந்தி எடுத்துவிடுவார்கள். அக்கா அவர்களுக்காகவே இந்த வண்டியை வாங்கியிருந்தாள். சத்தமில்லாத வண்டி. வீட்டுப் பிளக்கில் செருகிச் சார்ஜ் போடலாம். சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோல் இன்ஜின் தானாக எழுந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்.

"ரெண்டு சம்பாத்தியம் உள்ள வீடு மாதிரி" என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், வண்டி வந்த புதிதில் பெருமையாகச் சொன்னார். "ஒருத்தர் படுத்தாலும் இன்னொருத்தர் அடுப்பு எரிய வைப்பாங்க."

அன்றைக்கு இரண்டு பேருமே படுத்துவிட்டார்கள். முன்பலகையில் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. ஆக்சிலேட்டரில் உயிர் இல்லை. ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. பின்னால் ஒரு லாரி ஆரனை அழுத்தியபடி வந்துகொண்டிருந்தது. அங்கேயே பிரேக்கை மிதித்திருந்தால் லாரி மேலே ஏறியிருக்கும். இறக்கம் இருக்கிற வரைக்கும் வண்டி உருளும் என்று அக்கா கணக்குப் போட்டாள். கண்ணாடியை இறக்கி, ஒரு கையை மழைக்குள் நீட்டி லாரிக்காரனுக்கு ஆட்டிக்கொண்டே, மறுகையாலும் தோளாலும் ஸ்டீயரிங்கைத் தள்ளித் திருப்பி, பாலம் முடிகிற இடத்தில் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். கைபிரேக்கை இழுத்தாள். அதற்குப் பிறகுதான் பேசினாள்.

"ஐயா, ஊசி எடுத்த எடத்தை அழுத்திப் பிடிச்சுக்கோங்க. பயத்துல கையை ஒதறிட்டீங்க, ரத்தம் கசியுது பாருங்க."

*

அக்காவின் தம்பிக்கு இந்தக் கதை மறுநாள் காலையில்தான் தெரியவந்தது. முந்தின ராத்திரி அவன் வீடு திரும்பியபோது எல்லோரும் தூங்கிவிட்டிருந்தார்கள். இழுவை வண்டியின் முதுகில் ஏறி அக்காவின் கார் அவன் வேலை பார்க்கும் சர்வீஸ் சென்டருக்குள் நுழைந்தபோது, அவன் கையில் டீ டம்ளர் இருந்தது.

அந்தச் சர்வீஸ் சென்டரில் பேட்டரி பக்கம் கை வைக்கத் தகுதிச் சான்றிதழ் வாங்கியவன் அவன் ஒருவன்தான். மற்ற மெக்கானிக்குகள் அவனை 'ஷாக்கு' என்று கூப்பிடுவார்கள். "ஷாக்கு, உன் மாமியார் வந்திருக்கா" என்றால் மின்சார வண்டி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று வாரத்துக்கு முன்புதான் இதே காருக்கு அவன் ரீகால் வேலை செய்திருந்தான். அந்த மாடல் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகலாம், கொண்டுவாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று கம்பெனி எல்லா உரிமையாளர்களுக்கும் கடிதம் போட்டது. சரிசெய்வது என்றால் ஸ்பேனர் வேலை எதுவும் இல்லை. லேப்டாப்பைச் செருகி, புது மென்பொருளை ஏற்றி, நாற்பது நிமிஷம் கதவைத் திறக்காமல் காவல் இருக்க வேண்டும். திரையில் ஏறும் கோடு நூறு சதவீதத்தைத் தொட்டதும் அட்டையில் 'வேலை முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படி அவன் கையெழுத்துப் போட்ட வண்டிகள் அறுபத்து மூன்று. அதில் ஒன்று அக்காவுடையது.

இப்போது அவன் ரப்பர் கையுறையை எடுத்து, வாய்ப்பக்கத்தைச் சுருட்டி, காற்றை அடைத்து அமுக்கிப் பார்த்தான். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் காற்று காட்டிக்கொடுத்துவிடும். காட்டவில்லை. மாட்டிக்கொண்டான். பேட்டரியின் துண்டிப்புச் செருகியைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சக் கரண்ட் வடியட்டும் என்று பத்து நிமிஷம் நின்றான். மீட்டரில் பூஜ்யம் வந்த பிறகு ஒவ்வொரு தடித்த கம்பியாகத் தொட்டுப் பார்த்தான். எல்லாம் சரி. செருகியைத் திரும்பப் போட்டு பட்டனை அழுத்தினான். பல் டாக்டர் வீட்டுப் படி ஏறியதும் வலி நின்றுபோகிற பல்லைப்போல, வண்டி முதல் அழுத்தலிலேயே எழுந்துகொண்டது. லேப்டாப்பில் எல்லாக் கட்டமும் பச்சை.

மேனேஜர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்னப்பா காட்டுது?"

"ஒண்ணும் காட்டல சார். ஆனா வண்டி பாலத்துல நின்னிருக்கு."

"நின்னதை நீ பார்த்தியா?"

"இல்ல சார்."

"மெஷின் பார்த்திருக்கா?"

"இல்ல."

"அப்ப என்ன எழுதணுமோ அதை எழுது. நாம என்ன ஜோசியமா பாக்குறோம்?" மேனேஜர் கெட்டவர் இல்லை. மேலே இருக்கிறவர்களுக்கும் கீழே நிற்கிறவர்களுக்கும் நடுவில் மத்தளமாக இருபது வருஷம் அடிவாங்கிப் பழகிப்போனவர்.

தம்பி எழுதினான்: 'சோதிக்கப்பட்டது. கோளாறு காணப்படவில்லை.' கீழே கையெழுத்து.

அட்டையை அக்கா நின்றபடியே படித்தாள். நேற்றைய மழையில் நனைந்த செருப்பு இன்னும் காயவில்லை. நடந்தால் சத்தம் கொடுத்தது.

"உன் கையெழுத்தாடா?"

"ஆமாக்கா."

"நல்லாத்தான் போடுறே" என்றாள். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

*

தம்பி தங்கியிருந்தது அக்கா வீட்டில்தான். மூன்றாவது மாடி. மழை நாளில் துணியெல்லாம் கூடத்துக்குள்ளேயே காயும். மாமா ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் இஸ்திரி போடுகிறவர். வீட்டுக்கு வந்தாலும் அவர் கை சும்மா இருக்காது. அன்றைக்கு சாயங்காலம் அவன் நுழைந்தபோது, ஈரம் போகாத சட்டைகளைத் தேய்த்து ஆவி பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் சூப் கொதித்தது. மேஜையில் ரொட்டியும் அவித்த முட்டையும்.

"வாப்பா கோளாறு காணாதவனே" என்றார் மாமா.

"நீங்க வேற ஏன் மாமா."

"நான் ஒண்ணும் சொல்லல. உங்கக்கா மத்தியானத்துலேருந்து போனும் நோட்டுமா இருக்கா, எங்கிட்ட பேசல. அதான் அவ பங்கையும் சேர்த்து நான் பேசுறேன்."

அக்கா முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். ஓடு ஒரே சுருளாக வந்தது.

"அந்த வண்டியில இனி அவங்க யாரையும் ஏத்தமாட்டேன்" என்றாள். "நாளைக்கு தபால்காரரை பஸ்லதான் கூட்டிட்டுப் போகணும். மத்தவங்களுக்கு வேற வேற டிரைவரைக் கெஞ்சி ஏற்பாடு பண்ணியிருக்கேன். எத்தனை நாளைக்குக் கெஞ்ச முடியும்னு தெரியல."

"லேப்டாப்ல எதுவும் வரலக்கா. நான் என்ன செய்ய முடியும்? இல்லாததை இருக்குன்னு எழுத முடியுமா?"

"இருக்கிறதை இல்லைன்னு மட்டும் எழுத முடியுதா?"

மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நீ எழுதினது என்ன தெரியுமா?" அக்கா குரலை உயர்த்தவில்லை. "'கோளாறு காணப்படவில்லை'. அப்படின்னா நான் பொய் சொல்றேன், இல்ல எனக்கு ஓட்டத் தெரியல. ரெண்டுல ஒண்ணு. 'எனக்குக் கண்டுபிடிக்க முடியல'ன்னு எழுதியிருந்தா நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டேன்."

தம்பி ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"அந்த ரீகால் கடுதாசி வந்தப்ப நான் யாரை நம்பி வண்டியை விட்டேன்? கம்பெனிக்காரன் மூஞ்சியை நான் கண்டேனா? நீ 'முடிஞ்சுதுக்கா, இனி பயமில்லை'ன்னே. மறுநாளே அவங்களை ஏத்தினேன்."

"சரிக்கா."

"சரின்னா?"

"சரின்னா... தப்புதான்."

அக்கா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். "இதைப் படி. படிச்சுட்டுச் சாப்பிடு."

சாதாரண கோடு போட்ட நோட்டு. காலையில் சர்வீஸ் சென்டர் காத்திருப்புக் கூடத்தில் அதே மாதிரிக் கார் வைத்திருந்தவர்களிடம் அவள் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். அவர்கள் மூலமாக, மத்தியானம் போனில் இன்னும் சிலர். பதினோரு பேர். தேதி, நேரம், எங்கிருந்து கிளம்பினார், எந்த இடத்தில் நின்றது, எவ்வளவு வேகம், சார்ஜ் எவ்வளவு காட்டியது, மழையா வெயிலா, ரோடு எப்படி என்று ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டுக் கட்டம் கட்டி எழுதியிருந்தாள். தெரியாததற்குத் 'தெரியாது' என்றே எழுதியிருந்தாள். ஒருவர் மழையா என்பது நினைவில்லை என்றாராம். அடுத்த கட்டத்தில் 'அன்று இவர் மனைவி குடை தேடியதாகச் சொன்னார்' என்று இருந்தது.

தம்பி முதலில் மரியாதைக்குப் படித்தான். இரண்டாவது பக்கத்தில் முதுகு நிமிர்ந்தது. சூப் ஆறி ஏடு கட்டியது.

"அக்கா. இதுல ஒம்பது பேருக்கு மழை."

"ம்."

"எட்டு பேருக்கு எறக்கம். பாலம், மேட்டுத்தெரு, கார் நிறுத்தற மாடியிலேருந்து கீழ வர்ற சரிவு."

"ம்."

"சார்ஜ் எல்லாருக்குமே தீர்ற நேரம். பதினஞ்சு பதினாறு சதவீதம். அப்பத்தான் இன்ஜின் எழுந்துக்கும்."

"அதுக்கு மேல எனக்குத் தெரியலடா. அதுக்குத்தானே நீ இருக்கே."

தம்பி நோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். லேப்டாப்புகளையும் மீட்டர்களையும் வைத்துக்கொண்டு கம்பெனி கேட்காத கேள்விகளை, டாக்ஸி ஓட்டுகிற ஒரு பொம்பளை பேனாவை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். அவள் தன் அக்கா என்பதில் அவனுக்குப் பெருமை வந்தது. அடுத்த நிமிஷமே வெட்கமும் வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை சர்வீஸ் சென்டருக்கு விடுமுறை. சனிக்கிழமை அவன் மேனேஜரிடம் கார் கழுவும் கொட்டகையின் சாவியைக் கேட்டான். எதற்கு என்றும் சொன்னான். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ சொன்னது என் காதுல விழல. சாவி ஆணியில தொங்குது. ஏதாவது உடைஞ்சா காது ரெண்டும் நல்லா கேட்கும்."

அக்காவும் அவனும் காலை எட்டு மணிக்கே வந்துவிட்டார்கள். மேல் தளத்திலிருந்து கீழே கொட்டகைக்கு வர நல்ல சரிவுப் பாதை உண்டு. தண்ணீர்க் குழாயின் வாயில் பூவாளி முகத்தை மாட்டி, வண்டியின்மேல் பத்து நிமிஷம் மழை மாதிரிப் பெய்யவிட்டார்கள். அக்கா வண்டியை மேலே ஏற்றினாள். சார்ஜ் பதினேழு காட்டும்வரை மேல் தளத்தையே சுற்றிவிட்டு, சரிவில் இறக்கினாள். பாதி வழியில் இன்ஜின் உறுமி எழுந்தது. வண்டி சாதுவாகக் கீழே வந்து நின்றது.

மறுபடி கொஞ்சம் சார்ஜ் ஏற்றினார்கள். மறுபடி தண்ணீர். மறுபடி சரிவு. ஒன்றும் ஆகவில்லை. தம்பியின் முழுக்கால்சட்டை முழங்கால் வரை நனைந்து கனத்தது.

"கேமராவைக் கண்டதும் டான்ஸ் மறந்த புள்ள மாதிரி நிக்குது பாரு" என்றார், சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்த மாமா.

மூன்று பேரும் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்கா பாதி ரொட்டியில் நிறுத்தினாள்.

"டேய். அன்னிக்கு நான் மழையில சும்மா ஓட்டிட்டு மட்டும் வரல. தபால்காரருக்கு ரத்த அழுத்தம் கொறஞ்சுபோச்சுன்னு ஒன்றரை மணி நேரம் உள்ளயே வெச்சிருந்தாங்க. வண்டி அத்தனை நேரமும் வாசல்ல மழையில நின்னுச்சு."

தம்பி நோட்டைப் புரட்டினான். ஒருவர் கல்யாண வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். ஒருவர் அலுவலக வாசலில். எவ்வளவு நேரம் நின்றது என்று அக்கா தனியாகக் கேட்டு எழுதவில்லை. ஆனால் 'எங்கிருந்து கிளம்பினார்' என்ற கட்டத்தில் அது ஒளிந்துகொண்டிருந்தது.

ஒன்றரை மணி நேரம் பூவாளிக்கு அடியில் வண்டியை நிறுத்தினார்கள். மாமா கடிகாரத்தையும் தண்ணீர் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்து, "இந்தத் தண்ணிக்கு நான் நூறு போர்வை தொவைச்சிருப்பேன்" என்று அங்கலாய்த்தார். பிறகு அக்கா ஏறினாள். மேல் தளம். பதினேழு. பதினாறு. சரிவு. இன்ஜின் எழும் உறுமல் கேட்டது, ஒரு உதறல். அப்படியே எல்லாம் அடங்கியது. சிவப்பு விளக்குகள் அக்காவின் முகத்தில் அடித்தன. அவள் வண்டியை உருளவிட்டு, கொட்டகைச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நிறுத்தினாள்.

 மாமா மெதுவாகக் கைதட்டினார். உடனே அது சரியில்லை என்று தோன்றியோ என்னவோ கையைக் கட்டிக்கொண்டார்.

"பட்டனைத் தொடாதக்கா. காயறதுக்குள்ள பார்க்கணும்."

கையுறை, காற்று, செருகி, பத்து நிமிஷம், பூஜ்யம். அவசரத்திலும் ஒன்றைக்கூட விடவில்லை. பின்சீட்டைக் கழற்றினான். தரை விரிப்பைத் தூக்கினான். அதற்கடியில், தடித்த கம்பிகளுக்குப் பக்கத்தில், பென்சில் கனம்கூட இல்லாத ஒரு கம்பி ஓடியது. பெரிய கரண்டைக் காவல் காக்கிற கம்பி அது. யாராவது மூடியைத் திறந்தால் இந்தக் கம்பியின் தொடர்பு அறுந்து, வண்டி அந்த நொடியே எல்லாவற்றையும் அணைத்துவிடும். ஆள் செத்துப்போகாமல் இருப்பதற்கான ஏற்பாடு. கம்பி இணைகிற இடத்தில் சுண்டு விரல் பருமனில் ஒரு கனெக்டர். அதன் ரப்பர் வளையம் கம்பி வளைகிற பக்கம் இடைவெளி விட்டிருந்தது. தம்பி மெல்லிய காகிதத்தைத் திரித்து உள்ளே விட்டு எடுத்தான். நுனி ஈரம்.

கழற்றி வெளிச்சத்தில் காட்டினான். ஊசி ஊசியாக இருந்த கால்களில் ஒன்று மட்டும் பாசி பிடித்ததுபோலப் பச்சை.

"நிறுத்தி வெச்சா சொட்டுச் சொட்டாத் தண்ணி சேருது. எறக்கத்துல அது முன்னாடி ஓடி இதுமேல நிக்குது. இன்ஜின் எழுந்துக்கிற உதறல்ல தொடர்பு விட்டுப்போகுது. யாரோ மூடியைத் தொறந்துட்டாங்கன்னு நெனைச்சு வண்டி தன்னைத்தானே அணைச்சுக்குது. அப்புறம் சூட்டுல காஞ்சுபோகுது. எங்கிட்ட வர்றப்ப நல்ல புள்ளையா நிக்குது."

"அப்ப நீ போட்ட அப்டேட்?"

"தொடர்பு விட்டா உடனே அணைக்காம கொஞ்சம் பொறுத்துப் பாருன்னு வண்டிக்குச் சொல்ற அப்டேட் அது. ஒழுகுற வீட்டுல கூரையை விட்டுட்டு, சொட்டுற எடத்துல பாத்திரத்தை நகர்த்தி வெச்சது மாதிரி."

அக்கா அந்தக் கனெக்டரை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தாள். "இத்துனூண்டா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

*

தம்பி அறிக்கை எழுதினான். மூன்று பக்கம். படங்கள். அக்காவின் நோட்டுப் பக்கங்கள். கடைசிப் பத்தியை மேனேஜர் இரண்டு தரம் படித்தார். 'இந்த வண்டிக்கு ரீகால் வேலை முடிந்தது என்றும், பிறகு கோளாறு காணப்படவில்லை என்றும் கையெழுத்திட்டவன் நான். இரண்டும் தவறு.'

"இந்தப் பத்தி வேணுமா? நாளைக்கு ஏதாவது கேஸுன்னு வந்தா முதல்ல உன் கழுத்தைத்தான் புடிப்பாங்க."

"அது இல்லைன்னா மத்ததை யாரும் நம்பமாட்டாங்க சார்."

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். அப்புறம் அந்தப் பத்திக்குக் கீழே 'கண்டேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று தன் கையெழுத்தையும் போட்டார். கம்பெனிக்கு ஒரு பிரதி, வாகனப் பாதுகாப்பைப் பார்க்கிற அரசு அலுவலகத்துக்கு ஒரு பிரதி. இரண்டாவது உறையில் முகவரியை அவரே எழுதி ஒட்டினார்.

நான்காம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். நல்ல படிப்பாளி, பொறுமைசாலி. அறிக்கையைப் புகழ்ந்துவிட்டு, கழுவும் குழாயின் வேகத்துக்கு எந்த வண்டியும் தாங்காது என்றார். பூவாளியைக் காட்டினார்கள். ஒரு வண்டியை வைத்து முடிவு செய்ய முடியாது என்றார். அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது.

அன்று காலையிலிருந்து உண்மையான மழை. அக்கா வேண்டுமென்றே வண்டியை வெளியில் விட்டிருந்தாள். கனெக்டரைப் பழையபடியே மாட்டச் சொல்லியிருந்தாள்.

"சார், வாங்க ஒரு சுத்துப் போவோம். இங்கயே, இந்தச் சரிவுலதான்."

இன்ஜினியர் லேப்டாப்போடு முன்கதவைத் திறந்தார்.

"முன்னாடி வேண்டாம் சார். பின்னாடி உக்காருங்க. அவங்க பின்னாடிதான் உக்காருவாங்க."

அவர் பின்னால் உட்கார்ந்தார். தம்பி கீழே குடையில்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மேல் தளத்தில் வண்டி ஐந்தாறு தரம் சுற்றியது. பிறகு சரிவில் தலை காட்டியது. உறுமல் கேட்டது. உடனே நின்றது. இன்ஜின் அடங்கிய வண்டி மழைக்குள் சத்தமில்லாமல் உருண்டு வந்து அவனுக்கு முன்னால் நின்றது. பின்கதவு உடனே திறக்கவில்லை. கண்ணாடி வழியாக இன்ஜினியர் முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

இறங்கியதும் அவர் தம்பியிடம் வரவில்லை. அக்காவிடம் போனார். "அந்த நோட்டை நான் எடுத்துட்டுப் போகலாமாங்க? பத்திரமா திருப்பித் தந்துடுறேன்."

"பிரதி எடுத்துக்கோங்க" என்றாள் அக்கா. "இன்னும் ரெண்டு பேர் பேசுறேன்னு சொல்லியிருக்காங்க. எழுத வேண்டியது பாக்கி இருக்கு."

*

இரண்டாவது ரீகாலுக்கு முடிவாகிவிட்டது. கனெக்டரை மாற்றித் தருவார்கள். அதுவரை யாரும் வண்டியை எடுக்கக்கூடாது. வேறு வண்டி கொடுப்பார்கள். ஆனால் கடிதம் அச்சாகி, உறைக்குள் போய், வீடு வீடாகச் சேரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தம்பி வீட்டில் ஜன்னலைப் பார்ப்பதும் உட்காருவதுமாக இருந்தான். கதவு தட்டும் சத்தம். மேனேஜர், நனைந்த தலையோடு. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. சட்டைக்குள் பத்திரமாக வைத்திருந்த காகிதத்தை எடுத்தார். அறுபத்து மூன்று வண்டி. பெயரும் போன் நம்பரும்.

"அனுமதி வாங்கிட்டீங்களா சார்?"

"கேட்டேன். திங்கக்கிழமை சொல்றேன்னாங்க." தலையைத் துவட்ட மாமா கொடுத்த துண்டை வாங்கிக்கொண்டார். "மழை திங்கக்கிழமை வரைக்கும் காத்திருக்குமா? உங்கக்காவோடது ஒண்ணு கழிச்சா அறுபத்திரண்டு. பாதி எனக்குக் கொடு."

மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். முதல் ஆள் திட்டினார். இரண்டாவது ஆள் தூங்கி எழுந்த குரலில் நன்றி சொன்னார். மூன்றாவது ஆள் வக்கீலைப் பார்க்கப்போவதாகச் சொன்னார். ஒவ்வொருவரிடமும் தம்பி ஒரே வார்த்தைகளில் ஆரம்பித்தான். ஏழாவது நம்பர் ஒரு பெண். பின்னணியில் வைப்பர் அடிக்கும் சத்தம்.

"அம்மா, சர்வீஸ் சென்டர்லேருந்து பேசுறேன். உங்க வண்டிக்கு ரீகால் வேலை பார்த்தது நான்தான்."

"ஓட்டிட்டிருக்கேங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், சீக்கிரம் சொல்லுங்க."

"நான் பார்த்த வேலை போதலம்மா. மழையில வண்டி நின்னுபோக வாய்ப்பிருக்கு. சார்ஜ் எவ்வளவு காட்டுது?"

வைப்பர் நாலைந்து தரம் அடித்தது. "பதினெட்டு."

 மாமா இஸ்திரிப் பெட்டியை அணைத்தார்.

"முன்னாடி எறக்கம் ஏதாவது வருதாம்மா?"

"ரயில் பாதைக்கு அடியில போற ரோடு. எதுக்கு?"

"அதுல எறங்காதீங்க. பதறாம இன்டிகேட்டரைப் போடுங்க. ஓரமா நிறுத்த எடம் இருக்கா?"

"பின்னாடி ஆரன் அடிக்கிறாங்க."

"அடிக்கட்டும்மா. நீங்க மெதுவா ஒதுங்குங்க."

"ஒரு நாற்காலிக் கடை வாசல் இருக்கு... ஆனா விடமாட்டாங்க போல..."

"விடுவாங்க. போங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஆரன் சத்தம் பெரிதாகி, கடந்து, தேய்ந்தது. சக்கரம் கல்லில் ஏறி இறங்கும் சத்தம். பிறகு வைப்பர் நின்றது. கூரையில் மழை விழுவது மட்டும் போனுக்குள் கேட்டது.

"நிறுத்திட்டேன்."

"வண்டியை அணைச்சிடுங்கம்மா. இனி எடுக்காதீங்க. அரை மணி நேரத்துல வேற வண்டி அனுப்புறோம்." எதிரே மேனேஜர் ஏற்கெனவே இன்னொரு போனில் டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வந்துட்டோமா?" என்று தூக்கக் கலக்கத்தில் ஒரு சின்னக் குரல் கேட்டது. "இல்லடா செல்லம், கொஞ்ச நேரம் இங்கயே இருக்கணும்" என்றாள் அந்தப் பெண்.  "எல்லாம் சரியாயிருச்சுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"ஆமாம்மா. நான்தான். தப்பா எழுதிட்டேன்."



"வண்டி வர்ற வரைக்கும் போனை வெச்சுடாதீங்க" என்றாள்.

"வைக்கமாட்டேம்மா. இருக்கேன்."

அக்கா எழுந்து வந்தாள். அவன் முன்னால் இருந்த காகிதத்தை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எட்டாவது நம்பரில் விரலை வைத்து, தன் போனில் அழுத்தினாள். அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள்.

"வணக்கங்க" என்றாள் அக்கா. "உங்க வண்டிக்கு வேலை பார்த்த மெக்கானிக்கோட அக்கா பேசுறேன். என் தம்பி இன்னொரு லைன்ல இருக்கான். அவன் சொல்லவேண்டியதை நான் சொல்றேன், கேட்டுக்கோங்க."